சன்னல் கோகிலா, நடுக் கோகிலா, கதவுக் கோகிலா

உடுமலையிலிருந்து பழனிக்குப் போகிற ரோட்டில், மொட்டை மாடியேறி நின்றால் காற்றாலைகள் வரிசையாகச் சுற்றுவது தெரிகிற இடத்தில், பாப்பாத்தியம்மா காம்பவுண்டு என்று ஒன்று உண்டு. எதிரும் புதிருமாக எட்டு வீடு, எட்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு மோட்டார், ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு கொடிக்கயிறு. அதில் கடைசி வீட்டில் தண்டபாணியும் அவன் மனைவி கோகிலவாணியும் குடியிருந்தார்கள். கோகிலவாணி ஒருத்தியாக இருந்த காலத்தில் அவர்களைப் பற்றிச் சொல்ல அதிகம் எதுவும் இல்லை.

தண்டபாணி நூல் மில்லில் ஷிப்ட் பார்த்தான். காதுக்குள் எப்போதும் பஞ்சு அடைத்த மாதிரி ஓர் இரைச்சலோடு வீட்டுக்கு வருவான். மகன் நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் படித்தான். அவன் படிப்புக்காகத்தான் கோகிலா வீட்டில் உட்கார்ந்தபடி கம்ப்யூட்டரில் வேலை பார்த்தாள். கடல் தாண்டி எந்த ஊரிலோ ஓடுகிற கார்கள் எடுத்து அனுப்பிய தெருப் படங்கள் ஒவ்வொன்றாக வரும். அதில் இது ஆள், இது மரம், இது நாய், இது சும்மா நிழல் என்று ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு கட்டம் போட வேண்டும். நாளைக்கு டிரைவர் இல்லாமல் ஓடப்போகிற கார்களுக்கு எது ஆள், எது நிழல் என்று கற்றுக்கொடுக்கிற வேலை என்றார்கள். கோகிலா அந்த ஊர்த் தெருக்களை நம் சந்தைப்பேட்டையைவிட நன்றாக அறிந்திருந்தாள். அங்கே போகிறவர்கள் யாரும் அவளைத் திரும்பிப் பார்த்ததில்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம் இரண்டு பேரும் பழனி ரோட்டுக் கடைக்குப் போனார்கள். கூடத்தில் ஒரே ஒரு சுவர்தான் பொருள் மாட்டுகிற மாதிரி சும்மா இருந்தது, கையில் இருந்ததும் ஒரு பொருளுக்கான காசுதான். தண்டபாணிக்குப் பெரிய டிவி வேண்டும், கட்டில் அகலத்துக்கு ஒன்று. கோகிலாவுக்குக் கம்ப்யூட்டர் திரை மூன்று வேண்டும். பக்கத்தில் பக்கத்தில் மூன்று வைத்துக்கொண்டால் மூன்று தெருவை ஒரே நேரத்தில் பார்க்கலாம், வேலை மூன்று மடங்கு நகரும் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள்.

கடைக்காரர் இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். "டிவின்னா உக்காந்து பாக்கறதுங்க, இதுன்னா உக்காந்து சம்பாரிக்கறதுங்க. உங்க இஷ்டம்தானுங்க" என்றார்.

"நமக்கு எதுக்கு மாமா அவ்ளோ பெருசு? நீங்க வர்ற நேரத்துக்கு நான் வேலைல இருப்பேன். நான் ஓயறப்ப நீங்க மில்லுல இருப்பீங்க" என்றாள் கோகிலா.

தண்டபாணி டிவியைத் தடவிப் பார்த்தான். "ஒண்ணுமில்ல புள்ள. ரெண்டு பேரும் ஒரே பக்கம் பாத்து உக்காரலாமேன்னு நெனச்சேன்" என்றான்.

அவளும் டிவியை ஒரு தடவை தொட்டுப் பார்த்தாள். ஆனால் மகனுக்கு அடுத்த வருஷம் பெரிய வகுப்பு. ஆட்டோவில் திரும்பும்போது அவன் மடியில் ஒரு பெட்டி, அவள் மடியில் ஒரு பெட்டி, காலடியில் ஒரு பெட்டி.

மூன்று திரையும் சுவரோரம் வரிசையாக நின்றன. சன்னல் பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, கதவுப் பக்கம் ஒன்று. கோகிலா நடு நாற்காலியில் உட்கார்ந்து சன்னல் பக்கம் திரும்பி ஒரு கிழவருக்குக் கட்டம் போடுவாள், கதவுப் பக்கம் திரும்பி ஒரு சைக்கிளுக்குக் கட்டம் போடுவாள், நேரே பார்த்து ஒரு மரத்துக்குப் போடுவாள், மறுபடி சன்னல், மறுபடி கதவு. கழுத்து வலித்தது, தைலம் போட்டாள். கண் எரிந்தது, வெள்ளரிக்காய் வைத்தாள். கார்த்திகை மாதத்துத் தூறல் ஒன்றில், முதல் ஷிப்ட் முடிந்து தண்டபாணி வீட்டுக்கு வந்தபோது, சன்னல் பக்கத்துத் திரைக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் ஒரு கோகிலாவும், நடுத் திரைக்கு முன்னால் சுழல் நாற்காலியில் ஒரு கோகிலாவும், கதவுப் பக்கத்துத் திரைக்கு முன்னால் முக்காலியில் ஒரு கோகிலாவும் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று பேருக்கும் அதே ஊதா நைட்டி, அதே கொண்டை, பிடரியில் அதே தைல வாசம்.

தண்டபாணி செருப்பைக் கழற்றினான், கால் கழுவினான், துண்டை எடுத்து முகம் துடைத்தான்.

"சோறு ஆச்சா?" என்றான்.

"ஆச்சுங் மாமா" என்றாள் சன்னல் பக்கத்தவள்.

"கொழம்பு இன்னும் எறக்கலைங்" என்றாள் கதவுப் பக்கத்தவள்.

நடுவில் இருந்தவள் திரும்பவே இல்லை. தண்டபாணி அடுக்களைக்குப் போய், கூட இரண்டு தட்டு கழுவி வைத்தான்.

காம்பவுண்டில் விஷயம் தெரிய நேரம் ஆகவில்லை, ஏனென்றால் மறுநாள் கொடிக்கயிற்றில் ஒரே மாதிரி ஊதா நைட்டி மூன்று காய்ந்தது. முதலில் பேச வந்தவள் வீட்டுக்காரி பாப்பாத்தியம்மாதான். வாசலில் நின்று மூன்று பேரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏம்மிணி, வாடகைக்கு வர்றப்ப ரெண்டு பேருன்னு சொல்லித்தானே வந்தீங்க? இப்ப நாலு பேரு குளிச்சா எட்டு வீட்டுக்குத் தண்ணி எப்படிக் காணும்?" என்று கேட்டாள். திருமூர்த்தி அணைத் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் வரும், அவள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. மூன்று கோகிலாக்களும் ஒருத்தர் குளிக்கிற அளவுத் தண்ணீரில்தான் மூன்று பேரும் குளிப்போம் என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் பாப்பாத்தியம்மா சமாதானமானாள்.

ரேஷன் கடையில் கட்டைவிரல் வைத்தார்கள். மூன்று விரலும் ஒரே ரேகை என்று மிஷின் சொல்லிவிட்டது, அதனால் ஓர் ஆளுக்கான அரிசியை அளந்து போட்டுவிட்டு அடுத்த கார்டைக் கூப்பிட்டார்கள். மாரியம்மன் கோயில் நோம்பியில் பூசாரி, "பேரும் நட்சத்திரமும் ஒண்ணுதானுங்களே, அர்ச்சனையும் ஒண்ணு போதும்" என்று ஒரே தேங்காயை உடைத்தார்; திருநீறு மட்டும் மூன்று நெற்றிக்கும் கொடுத்தார். கம்பெனிக்காரர்கள் ஒன்றும் கேட்கவில்லை. வேலை மூன்று மடங்கு வந்தது, அவர்கள் மூன்று மடங்கு படம் அனுப்பினார்கள். மகன் விடுதியிலிருந்து போன் பண்ணினால் போன் ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாறும், அவன் பேச்சை நிறுத்தி, "இப்ப எந்த அம்மா?" என்று கேட்டுவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடருவான்.

அடையாளத்துக்குக் காம்பவுண்டே பேர் வைத்தது. சன்னல் கோகிலா, நடுக் கோகிலா, கதவுக் கோகிலா. பேர் வைத்த பிறகு இரவல் கேட்பது சுலபமாகிவிட்டது. மோர் கேட்பது போல, ஏணி கேட்பது போல, "கோகிலா, கொஞ்ச நேரத்துக்கு உங்கள்ள ஒருத்திய அனுப்பி விடேன்" என்று கேட்டார்கள். பாப்பாத்தியம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கச் சன்னல் கோகிலா போனாள், ஆஸ்பத்திரிக்குத் துணைக்கும் அவளேதான். மூன்றாவது வீட்டு ராசாமணி மகளின் வளைகாப்புக்குத் தேங்காய் துருவக் கதவுக் கோகிலா போனாள்; போனவள், துருவி முடித்து, வந்தவர்களுக்குப் பரிமாறி, அண்டாவையும் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் வந்தாள். யாராவது ஊருக்குப் போனால் வீடு பார்க்க ஒரு கோகிலா, கேஸ் சிலிண்டர் வருகிற நாளில் காத்திருக்க ஒரு கோகிலா, எழவு வீட்டில் கூட்டம் குறைந்தால் அழ ஒரு கோகிலா. நடுக் கோகிலாவை மட்டும் யாரும் கேட்பதில்லை. அவள் திரும்பிப் பார்ப்பதே அபூர்வம். போனவள் திரையையும் சேர்த்து அவள்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதிர்வீட்டு டியூசன் டீச்சரும் ஆசைப்பட்டு இரண்டு திரை வாங்கி வைத்துப் பார்த்தாள். அவளுக்கு ஒற்றைத் தலைவலிதான் வந்தது. "அதுக்கெல்லாம் ஒரு கொடுப்பினை வேணும்" என்றாள் ராசாமணி.

தண்டபாணிதான் இதில் இளைத்துப் போனான். மூன்று பெண்டாட்டிக்காரன் என்று மில்லில் கேலி பண்ணினார்கள், அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். வீட்டுக்கு வந்தால் அவனுக்குத் தெரிவது மூன்று முதுகு. மூன்று முதுகுக்குப் பின்னால் பாயைப் போட்டு உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டான். திரைகளில் யார் யாரோ தெருவைக் கடந்து போனார்கள். ஒவ்வொருத்தரைச் சுற்றியும் ஒரு கட்டம் விழுந்தது. ஒரு நாள் மில்லில் ஒருத்தன் கை மிஷினில் மாட்டி விரல் போனதைச் சொல்ல வேண்டும் போல இருந்தது. யாரிடம் சொல்வது என்று மூன்று முதுகையும் மாறி மாறிப் பார்த்தான். சொல்லாமலே படுத்துக்கொண்டான்.

ஆனி போய் ஆடி வந்தது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எப்போதும் போல வந்து, தகரத்தைத் தூக்கியது, கொடிக்கயிற்றை அறுத்தது, ஒரு மத்தியானம் கரண்டுக் கம்பியையும் எங்கேயோ இழுத்துப் போட்டது. மூன்று திரையும் ஒன்றாக அணைந்தன.

இருட்டான திரையில் மூன்று பேருக்கும் அவரவர் முகம் தெரிந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் மூன்று பேரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். திரும்பிய இடத்தில், பிரிந்த நாளிலிருந்து முதல் தடவையாக, ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். மூன்று முகத்திலும் கண்ணுக்குக் கீழே கருப்பு. மூன்று முகத்திலும் உதடு வெடித்திருந்தது.

"ஏன் இப்படி இருக்கற?" என்று சன்னல் கோகிலா நடுவில் இருந்தவளைக் கேட்டாள். "நீ தூங்கறதில்லையா?"

"நானா? நீ தூங்கறேன்னுல்ல நான் முழிச்சிருந்தேன்" என்றாள் நடுக் கோகிலா.

"நான் எங்க தூங்குனேன்? இவ தூங்கட்டும்னு இவ வேலையையும் சேத்துப் பாத்தேன்" என்று சன்னல் கோகிலா கதவுப் பக்கத்தவளைக் காட்டினாள்.

கதவுக் கோகிலா முக்காலியைப் பிடித்துக்கொண்டாள். "நான் போன மாசம் எழவு வீட்டுக்குப் போனேன்ல, அங்க அழுதது பொய்யில்லக்கா" என்றாள். தன்னையே அக்கா என்று கூப்பிட்டது அவளுக்கே தெரியவில்லை. "அங்க போயித்தான் உக்காந்தேன். உக்காந்ததும் அழுகை வந்திருச்சு. வந்ததை நிறுத்தத் தெரியல."

உடம்பு மூன்றானபோது அலுப்பும் மூன்றாகப் பங்காகும் என்று மூன்று பேரும் நம்பியிருந்தார்கள். அலுப்பு பங்காகவில்லை. ஆளுக்கு முழுசு முழுசாக இருந்தது. இன்னொருத்தி எங்கேயோ படுத்துத் தூங்குகிறாள், அந்தத் தூக்கம் தனக்கும் சேர்த்துத்தான் என்று நினைத்துத்தான் ஒவ்வொருத்தியும் இத்தனை மாதம் கண் மூடாமல் உட்கார்ந்திருந்தாள். யாரும் தூங்கவில்லை என்று தெரிந்தபோது மூன்று பேரும் சண்டை போடவில்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. கரண்டு வருகிற வரைக்கும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். கரண்டு வந்த பிறகும் எழுந்திருக்கவில்லை.

தண்டபாணி வந்தபோது நடுக் கோகிலாதான் பேசினாள். அவள் குரலை அவன் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

"இந்த மூணையும் குடுத்துட்டு அந்த டிவிய வாங்கியாங்க மாமா."

தண்டபாணிக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். பயம்தான் வந்தது. "உங்கள்ள யாரு போவீங்க?" என்று கேட்டான்.

"ஆரும் போகல. மூணு பேரும் ஒரே பக்கம் பாத்து உக்காந்தா சேந்துக்குவோம்னு தோணுது."

"தோணுதுன்னா? சேரலீன்னா?"

"சேரலீன்னா மூணு பேரா உக்காந்து டிவி பாக்கறோம். அதுலென்ன?"

அவன் சுவரில் சாய்ந்து யோசித்தான். "பையன் படிப்பு?" என்றான் மெதுவாக.

"இங்கிருந்து நடந்து போற தூரத்துல இருக்குது பள்ளிக்கூடம். அவனும் வீட்டுல இருந்து சாப்பிட்டு எத்தனை நாளாச்சு."

தண்டபாணி ஒத்துக்கொண்டான், காம்பவுண்டு ஒத்துக்கொள்ளவில்லை. சேதி கேட்டு மோட்டார் ரூம் முன்னால் எல்லோரும் கூடிவிட்டார்கள். முன்னால் தண்ணீருக்குச் சண்டை போட்ட பாப்பாத்தியம்மாதான் இப்போதும் முதலில் பேசினாள்.

"ஏந்தம்பி, நல்லா இருக்கறதைப் போயி எதுக்குக் கலைக்கறீங்க? ஒண்ணாகிட்டா என் முழங்காலுக்கு ஆரு வருவா? தண்ணி பத்தலீன்னா சொல்லுங்க, இன்னொரு தொட்டி கட்டித்தாரேன்."

"எம்புள்ளைக்கு அடுத்த மாசம் தேதி குடுத்திருக்குது. பெத்தவளைப் பாத்துக்க ஒரு கோகிலா வருவான்னு சம்பந்தி வீட்டுலயே சொல்லிட்டேன்" என்றாள் ராசாமணி. அவள் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது.

யாரும் கெட்டவர்கள் இல்லை. கேட்டால் வருகிற ஒருத்தி பழகிப் போயிருந்தாள், அவ்வளவுதான். மூன்று கோகிலாக்களும் வாசலில் வந்து நின்றார்கள். பேசுவதற்காக வாய் திறந்த சன்னல் கோகிலாவுக்குக் கொட்டாவி வந்தது. அது நடுவில் இருந்தவளுக்குத் தொற்றி, கதவுக் கோகிலாவுக்குத் தொற்றி, முடிவதற்குள் மறுபடி சன்னல் கோகிலாவுக்கு வந்தது. மூன்று வாயும் மாறி மாறித் திறந்து மூடுவதைக் காம்பவுண்டு பார்த்துக்கொண்டே நின்றது. வெகுநேரம் நின்ற பிறகு பாப்பாத்தியம்மா, "என்னமோ செய்யுங்க" என்று சொல்லிவிட்டு முழங்காலைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

மூன்று திரையையும் ஒரு கம்ப்யூட்டர் சென்டர்க்காரர் வண்டி கொண்டு வந்து ஏற்றிப் போனார். டிவி வந்தது. சுவர் முழுக்க நின்றது. கடையிலிருந்து வந்த பையன்கள் மாட்டிவிட்டுப் போனபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது, காற்றும் அடங்கியிருந்தது. தண்டபாணி பாயை விரித்தான். மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள், அவன் ஓரமாக உட்கார்ந்தான். போட்டவுடனே வந்தது சின்ன வெங்காயத்தில் நோய் வராமல் பார்த்துக்கொள்வது பற்றிய நிகழ்ச்சி. மாற்றவா என்று கேட்டான். வேண்டாம் என்றார்கள்.

டிவியில் பாத்தி பாத்தியாக வெங்காயத்தாள் காற்றில் ஆடியது, ஒரு விவசாயி குனிந்து ஒன்றைப் பிடுங்கி மண்ணைத் தட்டிக் காட்டினார், அவரைச் சுற்றி யாரும் கட்டம் போட வேண்டியிருக்கவில்லை, அவர் பாட்டுக்கு நின்றார், அவர் பாட்டுக்குப் பேசினார், அவர் பாட்டுக்கு நடந்து போனார். டிவி வெளிச்சத்தில் பின்சுவரில் அவர்களுடைய நிழல் மூன்று விழுந்ததைத் தண்டபாணி பார்த்தான். சன்னல் கோகிலாவின் தலை சாய்ந்து நடுவில் இருந்தவளின் தோளில் இறங்கியது. திரும்பிப் பார்த்தபோது நிழல் இரண்டாக இருந்தது. வெங்காயத்தைக் கட்டு கட்டாகக் கட்டித் தொங்கவிடுகிற இடத்தில் கதவுக் கோகிலாவும் சாய்ந்தாள். சத்தம் எதுவும் வரவில்லை. பாயில் ஒருத்தி படுத்திருந்தாள். அவள் அவ்வளவு கனத்திருந்தாள், அவளைக் கட்டிலுக்குத் தூக்க அவனால் முடியவில்லை. தலையணையை மட்டும் கொண்டுவந்து வைத்தான்.

மூன்று பேருடைய தூக்கத்தை அவள் ஒருத்தியாகத் தூங்கினாள். எத்தனை நாள் தூங்கினாள் என்பதற்குக் காம்பவுண்டில் வீட்டுக்கொரு கணக்கு உண்டு. தண்டபாணி மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு, டிவியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். மிஷினில் விரல் போனவனைப் பற்றி அவளிடம் சொன்னான். அவளுக்குக் கேட்காது என்று தெரிந்தே எல்லாவற்றையும் சொன்னான்: புது மேஸ்திரியைப் பற்றி, காதிரைச்சலைப் பற்றி, மூன்று முதுகைப் பற்றி.

ஆரம்பத்தில் காம்பவுண்டு முணுமுணுத்தது. பிறகு அவரவர் எண்ணெயை அவரவர் தேய்த்துக்கொண்டார்கள், அவரவர் சிலிண்டருக்கு அவரவர் காத்திருந்தார்கள். மகளின் பேறு காலத்துக்கு ராசாமணி தானே பையெடுத்துக்கொண்டு கிளம்பினாள். யாரும் சொல்லாமலே குக்கரின் விசிலைக் கரண்டியால் தூக்கிச் சத்தத்தைக் குறைத்தார்கள்; மீன்காரர் வாசலுக்கு வந்ததும் கூவுவதை நிறுத்திவிட்டு சைக்கிளை உருட்டிப் போனார். எட்டிப் பார்க்க வந்தவர்கள் அவள் மூச்சு விடுவதைக் கொஞ்ச நேரம் கேட்டதுமே கண் சொருகி, வந்த வேலை மறந்து, சுவரோரம் சாய்ந்தார்கள். பாப்பாத்தியம்மா ஒரு காலையில் வந்து உட்கார்ந்தவள் மத்தியானம் வரை குறட்டை விட்டுத் தூங்கிவிட்டு, எழுந்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு, "நான் ஒண்ணும் தூங்கலையாக்கும்" என்று தண்டபாணியிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

ஒரு நாள் விடிந்து, பால்காரர் போன பிறகு, கோகிலா எழுந்து உட்கார்ந்தாள். டிவியைப் பார்த்தாள், யாரோ யாருக்கோ பரிசு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். தண்டபாணியைப் பார்த்தாள். அவனுக்குத் தாடி வளர்ந்திருந்தது.

"எந்திருச்சுட்டியா? போதுமா தூக்கம்?" என்றான்.

அவள் யோசித்தாள். "போதல. ஆனா பசிக்குது."

சுவரைப் பிடித்து எழுந்து அடுக்களைக்குப் போனாள். தூங்கி எழுந்தும் அலுப்பு முழுசாகப் போயிருக்கவில்லை, முட்டியில் கொஞ்சம், தோளில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. ஆனால் அது ஒருத்தி சுமக்கிற அளவு அலுப்பு. பால் காய்ச்சி, டீத்தூள் போட்டு, ஆற்றினாள். அலமாரியிலிருந்து மூன்று டம்ளர் எடுத்து வரிசையாக வைத்து மூன்றிலும் ஊற்றினாள். ஊற்றிய பிறகுதான் அதைப் பார்த்தாள்.

பிறகு அடுக்களைத் தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, முதல் டம்ளரை எடுத்து அவசரமில்லாமல் குடித்தாள். அதைக் கீழே வைத்துவிட்டு இரண்டாவதைக் குடித்தாள். மூன்றாவதில் ஆடை படிந்திருந்தது, அதை விரலால் ஒதுக்கிவிட்டு அதையும் குடித்தாள்.

நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த தண்டபாணி, "எனக்கு?" என்றான்.

"பால் இருக்குதுங் மாமா, போட்டுக் குடிங்க" என்றாள் கோகிலா.